இடிமுழக்கத்துக்கு ஒரு மாமியார்

ஊருக்கு அவன் இடிமுழக்கம். பந்தயச் சீட்டில், பேனரில், ரசிகர்களின் சட்டையில் எல்லாம் அந்தப் பெயர்தான். லாயத்துக்குள் மட்டும் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தால் போதும், இடிமுழக்கம் மூலையில் ஒண்டிக்கொண்டு சுவரோடு சுவராகிவிடுவான். பந்தயத்தில் அத்தனை வேகமாக ஓடியதே பின்னால் வருகிற குதிரைகளைக் கண்ட பயத்தில்தான் என்பது அவனைக் கவனித்துக்கொண்ட குதிரைக்காரன் மொட்டையின் கட்சி.

"முன்னாடி ஓடுறவனெல்லாம் வீரன்னு நினைக்கிறாங்க அக்கா. பாதிப் பேரு தப்பிச்சு ஓடுறவன்."

அக்கா என்று அவன் சொன்னது போர்வைக்காரம்மாவை. லாயத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது அவள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் சிமெண்டுத் தொட்டி. குதிரைகளின் போர்வைகள் அவளிடம்தான் வெளுக்க வரும். மனுஷத் துணி போல இல்லை அது. நனைந்த போர்வை ஒன்று நோஞ்சான் ஆள் கனம் கனக்கும். முதலில் தூரிகையால் முடியை வாரி எடுக்க வேண்டும். விட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். பிறகு தொட்டிக்குள் இறங்கி மிதிக்க வேண்டும். வாசனை சோப்பு ஆகாது. வாசனை பட்டால் குதிரை போர்வையைக் கடித்துத் துப்பிவிடும். வருஷக்கணக்காக மிதித்ததில் போர்வைகளும் வெளுத்தன, அவளுடைய வலது முழங்காலும் தேய்ந்தது.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் தூரத்து நகரத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். அந்தப் பேச்சு தந்தி மாதிரி இருக்கும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழை உண்டா, உண்டு, சரி வெக்கிறேன். அவன் வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பாள். சூடு ஆறட்டும் என்பதுபோல.

மற்றபடி வீட்டில் பேச்சுத்துணைக்கு இருந்தது ஒரு ஆடு. பழுப்பு நிறம், நரைத்த தாடி, ஒரு கொம்பு நேராகவும் ஒரு கொம்பு கன்னத்தைப் பார்த்து வளைந்தும் இருக்கும். விடிந்த பிறகு யார் படுத்திருந்தாலும் அதற்குப் பொறுக்காது. எந்தப் பானை மூடியிருந்தாலும் திறந்து பார்க்கும். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பிடிக்காமல் தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகும். மொட்டைதான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தான். போர்வைக்காரம்மாவும் மறுக்கவில்லை. தன்னுடைய சொந்த மாமியாரோடு ஒப்பிட்டால் இது தங்கம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷத்துப் பெரிய பந்தயத்தில், கடைசி வளைவில் இடிமுழக்கம் விழுந்தான். முன்னங்கால் எலும்பு விட்டுப்போயிற்று. சாதாரணக் குதிரையாக இருந்தால் நாலு பேர் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், டாக்டர் ஊசியோடு உள்ளே போவார், திரையை எடுக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் ஊசி போட முதலாளிக்கு மனசு வரவில்லை. இரக்கத்தால் அல்ல, பார்க்கிறார்களே என்பதால். எப்படியோ, குதிரை பிழைத்தான். காலுக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள்.

"எலும்பு கூடும்," என்றார் குதிரை டாக்டர். "ஆனா ஆடாம அசையாம நிக்கணும். சுத்தினான்னா தகடு பிடுங்கிக்கும். அப்புறம் நான் செய்ய ஒண்ணுமில்ல."

ஆடாமல் அசையாமல் நிற்கிற ஜாதியா அவன்? காலையில் மற்றக் குதிரைகள் ஓட்டத்துக்குப் போனதும் லாயம் காலியாகும். தனியாக விடப்பட்டோம் என்று தெரிந்த அந்த நிமிஷமே இடிமுழக்கம் அலற ஆரம்பிப்பான். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு அறைக்குள் வட்டமடிப்பான். டிரெய்னர் வானொலிப்பெட்டி வைத்துப் பார்த்தார், சுவரில் ஆளுயரக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள் தெரிந்த குதிரையைப் பார்த்து இன்னும் பயந்தான்.

ஒருநாள் காலை போர்வைக்காரம்மா வெளுத்த போர்வைகளைக் கொண்டு போனபோது மாமியாரும் பின்னாலேயே போயிற்று. திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, நோயாளியை ஏற இறங்கப் பார்த்தது. அவன் காலடியில் கிடந்த புல்லை முகர்ந்து, பிடிக்காததுபோல முனகிவிட்டு, முழுவதையும் தின்ன ஆரம்பித்தது. இடிமுழக்கம் அலறலை நிறுத்தினான். தலையைத் தாழ்த்தி ஆட்டின் முதுகை மோந்தான். பிறகு அந்த நீளமான கழுத்தை அதன்மேல் மெதுவாகச் சாய்த்துக்கொண்டு நின்றான். நின்றான் என்றால் நின்றேவிட்டான்.

மொட்டை வாயைப் பொத்திக்கொண்டான். டிரெய்னர் கிசுகிசுத்தார்.

"அம்மா, இந்த ஆடு கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா?"

"பால் குடுக்காதுங்க. குறைதான் சொல்லும்."

"சொல்லட்டும்மா. சொல்ல ஒரு ஆள் வேணும் அவனுக்கு."

அப்படித்தான் மாமியார் வேலைக்குச் சேர்ந்தது. போர்வைக்காரம்மா வெறுங்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இதற்குள் லாயத்தின் வாசலில் ரசிகர்கள் கூடிவிட்டார்கள். இடிமுழக்கம் நலம் விரும்பிகள் சங்கம் என்று பேனர் ஏறியது. சங்கத் தலைவர் மெத்தைக் கடைக்காரர். வாழ்நாளில் குதிரைமேல் ஏறியதில்லை, பந்தயம் கட்டியதில்லை. ஆனால் எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் ஐந்தாவதாக நுழைந்து முதலாவதாக நிற்பார். மைக் இல்லாத இடத்திலும் விரலால் காற்றைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். முதல் வேலையாக இடிமுழக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் மெத்தை நன்கொடை அறிவித்தார். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று யாரோ காதில் சொன்னார்கள். மெத்தையை நிற்க வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

தினமும் காலையில் அவர் ஸ்டூலில் ஏறி நலச்செய்தி வாசிப்பார்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இடிமுழக்கம் அவர்கள் இன்று காலை சிறுநீர் கழித்தார்!"

கைதட்டல்.

"மாமியார் அவர்களும் உடனிருந்தார்!"

அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். ஆட்டுமேல் கழுத்தைச் சாய்த்து நிற்கிற குதிரையின் படத்தை மொட்டை எடுத்து யாருக்கோ அனுப்பப்போக, அது ஊர் ஊராகப் பறந்திருந்தது. கேரட் மூட்டை மூட்டையாக வந்தது. ஒரு பெண்மணி நாலு கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினாள். குதிரைக்காரர்கள் வீட்டில் எல்லாம் கேரட் தின்று தின்று பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

அந்தப் படம் பறந்த அன்றைக்கு மத்தியானம் போர்வைக்காரம்மாவின் போன் அடித்தது. மாதம் இன்னும் முடியவில்லையே என்று பதறிக்கொண்டு ஈரக்கையோடு எடுத்தாள்.

"அம்மா, அது நம்ம மாமியாரா?"

"எதுடா?"

"போன்ல வந்திருக்கு. குதிரைக்குத் துணையா நிக்குதே. கொம்பு வளைஞ்சிருக்கு, நம்ம ஆடுதானே?"

"ஆமா. இங்க இருந்தா தின்னுட்டு என்னையத் திட்டும். அங்க போயி தின்னுட்டுக் குதிரையத் திட்டுது."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. தன் பிள்ளை இவ்வளவு பலமாகச் சிரிக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனால் போன் அடிக்கும். அவள் அதற்குத் தயாராக ஆரம்பித்தாள். போர்வைகளைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு லாயத்துக்கு ஓடி, மொட்டையிடம் விஷயம் விசாரித்து, வழியிலேயே அதற்கு உப்புப் புளி சேர்த்து வைத்துக்கொள்வாள்.

"இன்னிக்கு டாக்டர் தொப்பியக் கழட்டி வெச்சாரு. திரும்பிப் பாத்தா பாதித் தொப்பிதான் இருக்கு. மாமியாரு மென்னுக்கிட்டே நிக்குது."

"அய்யோ! டாக்டர் என்ன சொன்னாரு?"

"நோயாளிக்கு எதுவும் ஆகலயேன்னாரு."

மறுபடி அந்தப் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்கிற சந்தில்தான் அவள் தன்னுடைய சமாச்சாரத்தை மெல்ல நுழைப்பாள்.

"அது இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்குடா. காலையில யாரையும் திட்ட முடியல. நேத்து வாளியத் திட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் அது வாளின்னு உறைச்சுது. முழங்கால் வேற ஈரத்துல நின்னா குத்துது..."

"சரிம்மா, சரிம்மா. அத விடு. குதிரை கால ஊணுச்சா?"

விட்டுவிடுவாள். எதுவானாலும் தினம் ஒரு தடவை குரல் கேட்கிறதே. குதிரைக்குக் கால் கூடுகிறதோ இல்லையோ, தனக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ கூடிவருகிறது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் சுவரில் காய்கிற போர்வைகளை மடிக்கும்போது ஆட்டுக் கயிறு மாட்டியிருந்த ஆணி கண்ணில் படும். பார்க்காததுபோல மடிப்பாள்.

மழை ஓய்ந்து, வெயில் ஏறி, காற்று வறண்டது. இடிமுழக்கத்தின் கால் கூடியது, கட்டு மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. இனிமேல் பந்தயம் கிடையாது, ஆனால் நடப்பான். தொலைதூரத்தில் முதலாளிக்குப் பண்ணை இருந்தது, அங்கே புல்வெளியில் இருப்பான் என்று முடிவாயிற்று. அனுப்புவதற்கு முதல்நாள் லாயத்து முற்றத்தில் ரசிகர்கள் முன்னால் அவன் நடந்து காட்ட வேண்டும் என்று சங்கம் ஏற்பாடு செய்தது. இடம் சின்னது, அனுமதிச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

"அம்மா, எப்படியாவது ஒரு பாஸ் வாங்கு. அன்னிக்கு நான் வந்துடறேன்," என்றான் மகன்.

போர்வைக்காரம்மா அதுவரை லாயத்தில் கூலி தவிர எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. டிரெய்னர் அறை வாசலில் போய் நின்றாள்.

"எம்பையன் வரான். ஒரு சீட்டு வேணும்."

"உங்களுக்கு இல்லாததாம்மா?" என்று அவர் எடுத்துக் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வீட்டுக்கு வெள்ளையடித்தாள். விருந்தாளிக்கு வைத்திருந்த தட்டைத் தேய்த்து வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மீன் வாங்க மூன்று தெரு நடந்தாள்.

மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எங்க பெரிய ஆபீசருக்கு அந்தக் குதிரைன்னா உசுரு. நேத்து வாய்விட்டே கேட்டுட்டாரு. எப்படிம்மா இல்லன்னு சொல்றது? பாஸ அவருக்குக் குடுத்துடேன்."

"அதனாலென்ன. இன்னொன்னு கேட்டு வாங்கறேன். ரெண்டு பேரும் வாங்க."

"அதான் சிக்கலே. அவர் வந்துட்டா இங்க ஆபீச யார் பாக்குறது? நான்தான் பாக்கணும்."

அவள் மீனைப் பார்த்தாள். மீன் அவளைப் பார்த்தது.

"சரிடா," என்றாள். "அவருக்கு முள்ளு எடுத்துத் தின்னத் தெரியுமா?"

காரில், கோட்டும் சூட்டுமாக, பின்னால் இரண்டு பேர் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிற ஒருவரைத்தான் அவள் எதிர்பார்த்தாள். மறுநாள் காலையில் கதவைத் தட்டியவர் குட்டையாக, நெற்றி வேர்க்க, தோளில் ஒரு துணிப்பையோடு நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். பைக்குள் துருவிய கேரட் ஒரு டப்பா நிறைய இருந்தது.

"படுத்த உடம்பு, மென்னு திங்க சிரமமா இருக்குமோன்னு வீட்லயே துருவிட்டேன்," என்றார் வெட்கத்தோடு.

உட்கார வைத்துச் சோறு போட்டாள். முள் எடுக்கத் தெரியாமல் அவர் திணறுவதைப் பார்த்து, அவளே எடுத்துக் கொடுத்தாள். பெரிய அதிகாரி சின்னப்பிள்ளை மாதிரி காத்திருந்து காத்திருந்து சாப்பிட்டார். நடுவில் நிமிர்ந்து கேட்டார்.

"உங்க முழங்கால் இப்போ எப்படிம்மா இருக்கு?"

அவள் கை நின்றது. "எந்த முழங்காலு?"

"வலதுதானே? ஈரத்துல நின்னா குத்துதுன்னீங்களே. என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு தைலம் கொண்டாந்திருக்கேன், அவ வெச்சிருந்தது. இனிமே அவளுக்கு வேணாம்."

"நான் யார்கிட்டங்க சொன்னேன்?"

"தம்பி மத்தியானம் போன ஸ்பீக்கர்ல போடுவாரில்ல? நாங்க எல்லாரும் சாப்பாட்டு டப்பாவத் தொறந்து வெச்சுக்கிட்டு சுத்தி உக்காந்துடுவோம். உங்க குரல் வந்தாத்தான் சோறே இறங்கும். நீங்க வாளியத் திட்டினேன்னு சொன்னீங்களே, அன்னிக்குக் கணக்குப் பிரிவு அம்மா எழுந்து போயி அழுதுட்டு வந்தாங்க."

போர்வைக்காரம்மா மீனில் இன்னொரு முள்ளைத் தேடினாள். இல்லாத முள்ளை வெகுநேரம் தேடினாள். அந்தப் பெரிய சிரிப்பு ஏன் அவ்வளவு பெரியதாக இருந்தது என்று இப்போது விளங்கிவிட்டது. ஊர் பேர் தெரியாத அத்தனை பேருக்கும் அவளுடைய முழங்கால் தெரியும், வெறிச்சிட்ட வீடு தெரியும், வாளி தெரியும். கேட்க வேண்டியவன் மட்டும் அத விடும்மா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இன்னொரு துண்டு வெச்சுக்கோங்க," என்றாள். "நல்லா சாப்பிடுங்க. தூரம் போகணும்."

முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். மெத்தைக் கடைக்காரருக்கு அன்றைக்கு நிஜமான மைக் கிடைத்திருந்தது. இருந்தும் பழக்கதோஷத்தால் மைக்கை விட்டுவிட்டுக் காற்றைத் தட்டினார். மொட்டை கயிற்றைப் பிடிக்க, இடிமுழக்கம் நடந்து வந்தான். அத்தனை ஜனத்தைக் கண்டு காது விறைத்தாலும், பக்கத்தில் மாமியார் முனகிக்கொண்டே வந்ததால் நிதானமாகக் காலை எடுத்து எடுத்து வைத்தான். கூட்டம் விம்மியது. குட்டை அதிகாரி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்தார்.

மெத்தைக் கடைக்காரர் குரலை உயர்த்தினார்.

"பெருமக்களே! இடிமுழக்கம் அவர்கள் நாளை விடியலில் பண்ணைக்குப் புறப்படுகிறார். மாமியார் அவர்களும் நிரந்தரமாக உடன் செல்கிறார். தியாகச் செம்மலாம் இந்த அம்மையார், தன் மாமியாரையே மனமுவந்து தானமாக வழங்குகிறார்!"

கூட்டத்தில் இருந்த மருமகள்கள் எல்லாம் ஆரவாரம் செய்தார்கள். மாமியாரின் கழுத்தில் ரிப்பனில் கோத்த பதக்கம் மாட்டப்பட்டது. அது ரிப்பனைத் தின்ன ஆரம்பித்தது. யாரோ போர்வைக்காரம்மாவைத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். மைக் முகத்துக்கு வந்தது.

"அம்மா, ரெண்டே வார்த்தை."

அவள் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். சுற்றிலும் ஒலிபெருக்கிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"ஆட்டக் குடுங்க," என்றாள். இரண்டே வார்த்தை. சரியாக நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது.

மெத்தைக் கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, இது ஒரு வரலாற்றுத் தருணம்..."

"இருக்கட்டுங்க. ஆடு என்னுது. என்னைய யாரும் கேக்கலயே."

அவர் டிரெய்னரைப் பார்த்தார். "நீங்க கேட்டிருப்பீங்கன்னு..."

"நான் நீங்க கேட்டிருப்பீங்கன்னு..." என்றார் டிரெய்னர்.

மைக் இரண்டையும் ஊருக்குச் சொன்னது. போர்வைக்காரம்மா இறங்கி வந்து, மொட்டையின் கையிலிருந்து ஆட்டுக் கயிற்றை வாங்கினாள். மொட்டை மறுக்கவில்லை. கூட்டம் வழிவிட்டது, வழிவிட்டபடியே பேசியது.

"கல்நெஞ்சக்காரி!"

"குதிரை செத்தா இவதான் பொறுப்பு."

"ஒரு ஆட்டுக்குப் போயி இவ்வளவு அல்பமா?"

யாரோ ஒருவன் கேரட்டை வீசினான். அவள் முதுகில் பட்டு விழுந்ததை மாமியார் பொறுக்கித் தின்றது. அதிகாரி வாசல்வரை கூடவே வந்தார். துருவிய கேரட் டப்பாவைத் தைலப் புட்டியோடு அவள் கையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் எல்லாப் பானையையும் திறந்து பார்த்துத் தன் இடத்தில் படுத்தது. போர்வைக்காரம்மா தொட்டியில் இறங்கினாள். ஆசைப்பட்டது கிடைத்தாயிற்று. மிதித்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடிமுழக்கம் கூப்பிட்டான்.

பயந்து அலறுவது அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. நீளமாக ஒரு குரல். பிறகு நிறுத்தம். பதில் வருகிறதா என்று காதை நிமிர்த்திக் காத்திருக்கிற நிறுத்தம். மறுபடி ஒரு குரல். அறைக்குள் குளம்பு சுற்றுகிற சத்தம். மாமியார் எழுந்து, முன்னங்கால்களைத் தொட்டி விளிம்பில் தூக்கி வைத்து, சுவரைப் பார்த்துக் கத்தியது.

"சும்மா கெட," என்றாள்.

மத்தியானம் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. சுவருக்கு அப்பால் சங்கத்தார் வேறு ஆடுகளைக் கொண்டுவந்து முயற்சி செய்கிற அமளி கேட்டது. ஒரு ஆட்டைக் கண்டு குதிரை மூலையில் ஒண்டினான். இன்னொரு ஆட்டை அவன் கடித்தான். மூன்றாவதாக வந்த கடா, மெத்தைக் கடைக்காரரை முட்டிற்று. அவர் மெத்தை இல்லாத இடத்தில் விழுந்தார். சிரிப்புச் சத்தமும் ஏச்சுமாகக் கூட்டம் கலைந்தது. அவரவர்க்கு வீடு வாசல் உண்டு. பதாகைகள் சுருட்டப்பட்டன. குதிரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

குரல் வரும்போது அவளால் மிதிக்க முடிந்தது. குரலுக்கும் குரலுக்கும் நடுவில் வருகிற நிறுத்தத்தில்தான் கால் நின்றுபோயிற்று. அந்த இடைவெளியில் அவளும் யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் தொட்டியிலிருந்து ஏறினாள். காலைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றை எடுத்தாள்.

"வா," என்றாள்.

பின்கதவு வழியாகப் போனாள். முற்றத்தில் ஆள் இல்லை. மிதிபட்ட காகிதக் கொடிகள் கிடந்தன. அறை வாசலில் மொட்டை குதிரையின் காலைப் பிடித்தபடி, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தான். கட்டுத்துணியில் இரத்தக்கறை இல்லை. இன்னும் இல்லை. மாமியார் கயிற்றை உருவிக்கொண்டு உள்ளே போய், தீவனத் தொட்டியில் எட்டிப் பார்த்து முனகியது. இடிமுழக்கம் கழுத்தைத் தாழ்த்தினான். முதுகில் ஓடிய நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

மொட்டை மூச்சு விட்டான். "இத மேடையிலயே செஞ்சிருந்தா, பேரும் கெட்டிருக்காது, கைதட்டலும் கிடைச்சிருக்குமே அக்கா."

"அங்க கேட்டது மெத்தைக்காரரு. இங்க கேட்டது இவன்."

"இவன் உங்களயா கேட்டான்?"

"யாரையோ கேட்டான். கூப்பிட்டா யாராவது ஒருத்தர் போகணுமில்லடா."

"தனியா என்ன பண்ணுவீங்க?"

"போர்வை இருக்கு," என்றாள். "துருவின கேரட்டு ஒரு டப்பா இருக்கு. இந்தா, நீயே அவனுக்குப் போடு."

விடியற்காலையில் வண்டி வந்தது. டிரெய்னர் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். மாமியார் முதலில் ஏறியது. அது ஏறியதால் இடிமுழக்கமும் பலகையில் கால் வைத்து ஏறினான். வண்டி நகரும்போது போர்வைக்காரம்மா கம்பி வழியாகப் பார்த்தாள். மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே புதுப்புல் இருந்தது.

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள். பின்னணியில் தட்டுகளும் டப்பா மூடிகளும் ஒலித்தன.

"என்னம்மா நீ, நேத்து முழுக்க எடுக்கவே இல்ல? இங்க எல்லாரும்..."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"



"ஆமாம்மா. எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு..."

"எடுத்துடு."

ஏதோ தட்டுகிற ஒலி. பிறகு நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது. தட்டுகளின் சத்தம் அறுந்து, அவனுடைய மூச்சு மட்டும் காதருகே வந்தது. அந்த மூச்சை இவ்வளவு பக்கத்தில் கேட்டு வெகுகாலமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"குதிரை போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு."

"மாமியாரு?"

"கூடவே போயிடுச்சு. நானே குடுத்துட்டேன்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்து விட்டுவிட்டான். தொட்டியில் தண்ணீர் சொட்டியது. அவ்வளவு நாள் பேசிய பேச்சில் குதிரையையும் ஆட்டையும் எடுத்துவிட்டால், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மிச்சமிருந்தது இவ்வளவுதான்.

"அப்போ," என்றான் கடைசியில், தயங்கித் தயங்கி, "நாளைக்குக் கூப்பிட்டா என்னம்மா பேசறது?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஒண்ணும் பேச வேணாம்," என்றாள். "கூப்பிடு."